எந்தக் கிணற்றில் பேய்?

பேய் என்றதும் நம் முற்போக்கு நண்பர்கள் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மூடநம்பிக்கை, கணக்கு முடிந்தது. பேய் உண்டா என்று என்னைக் கேட்டால் நானும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பேய்க்கதை உண்டு. பெரும்பாலும் அது ஒரு கொலையிலிருந்து கிளம்பி வருகிறது. யார் செத்தால் பேயாகத் திரும்புவார், யார் செத்தால் திரும்பமாட்டார் என்று ஒரு சமூகம் தனக்குள் சத்தமில்லாமல் முடிவு செய்துகொள்கிறதே, அந்த முடிவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

தமிழில் 'பழி' என்ற சொல்லுக்குள் இரண்டு ஆட்கள் குடியிருக்கிறார்கள். பழி சுமக்கிறவன் ஒருவன், பழி வாங்குகிறவன் இன்னொருவன். செய்த குற்றமும் பழி, அதைத் தீர்ப்பதும் பழி. ஜப்பானியர் 'ஓன்ரியோ' என்று சொல்வதைப் பழிதீர்க்கும் ஆவி என்று தமிழாக்கலாம். ஆயிரத்து இருநூறு வருஷ ஓன்ரியோ கதைகளை வரிசையாகப் படித்தால் எனக்குத் தட்டுப்படுவது இதுதான்: இந்த இரண்டு பொருளும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. குற்றம் மறைந்துபோய் அச்சம் மட்டும் மிஞ்சுகிறது.

785ஆம் ஆண்டு. பேரரசர் கம்மு, நாகஓகாவில் புதுத் தலைநகர் கட்டிக்கொண்டிருக்கிறார். கட்டுமானப் பொறுப்பிலிருந்த ஃபுஜிவாரா தனெட்சுகுவை யாரோ அம்பெய்து கொன்றுவிடுகிறார்கள். சந்தேகம் பேரரசரின் சொந்தத் தம்பி, பட்டத்து இளவரசர் சாவராமேல் விழுகிறது. பட்டத்தைப் பறித்து அவாஜி தீவுக்கு அனுப்புகிறார்கள். சோறு தண்ணி இல்லாமல் போகிற வழியிலேயே சாகிறார் சாவரா. அப்புறம் அரண்மனையில் வரிசையாகச் சாவு. பேரரசரின் தாய் போனாள், மனைவியர் போனார்கள், புதிதாகப் பட்டம் கட்டிய மகனுக்குத் தீராத நோய். குறி பார்த்தவர்கள் சாவராவின் பெயரைச் சொன்னார்கள். 794இல் தலைநகரமே கியோத்தோவுக்கு இடம் மாறியது (வெள்ளம் முதலான வேறு காரணங்களும் உண்டு). 800இல், செத்துப் பதினைந்து வருஷம் கழித்து, அந்தத் தம்பிக்குப் பேரரசர் பட்டம்!

863இல் கொள்ளைநோய்க் காலத்தில் அரண்மனைத் தோட்டமான ஷின்சென்-என்னில் ஒரு சாந்திச் சடங்கு நடத்துகிறார்கள். சாவரா உட்பட ஆறு ஆவிகள். இசை, ஆட்டம், ஓதல். வாயிற்கதவுகளைத் திறந்து சாதாரண சனங்களையும் உள்ளே விட்டார்களாம். இதில் கவனிக்க வேண்டியது, இந்த மாதிரிச் சடங்கைச் சனங்கள் ஏற்கனவே தெருவில் செய்துகொண்டிருந்தார்கள் என்பது. அரசனால் கொல்லப்பட்டவனுக்குத் தெருவில் படையல் போடுவது என்பது அரசனுக்கு எதிரான பேச்சுதானே? அந்தப் பேச்சைத் தோட்டத்துக்குள் அழைத்துவந்து அரசாங்க விழாவாக்கிவிட்டார்கள். சுகவாரா நோ மிச்சிசானே கதையும் இதே வகை. ஃபுஜிவாராக்களின் சூழ்ச்சியால் 901இல் தசாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டு 903இல் செத்த கவிஞர், அறிஞர். 930இல் அரண்மனையில் இடி விழுந்து ஆட்கள் செத்தபோது எல்லோர் வாயிலும் அவர் பெயர்தான். கித்தானோவில் கோயில், 993இல் தலைமை அமைச்சர் பதவி. இன்றைக்குப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள் அவரிடம் வேண்டிக்கொள்கிறார்கள். கோபம் இப்படித்தான் மார்க்காக மாறியது.

இந்த ஏற்பாட்டைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. மேட்டுக்குடிக்குள் நடந்த பங்காளிச் சண்டை. செத்தவனுக்குக் கொடுத்த பட்டம் ஒரு லஞ்சம். ஆனால் லஞ்சம் கொடுக்கவேண்டுமானாலும் குற்றத்தைப் பதிவேட்டில் எழுதியாகவேண்டும். இன்னாரை நாங்கள் அநியாயமாகத் துரத்தினோம் என்று அரசே தன் கையால் எழுதுகிறது. பழிக்கு ஒரு முகவரி இருக்கிறது.

நவீன அரசு இதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் 1868ஐப் பார்க்கவேண்டும். 1156 போரில் தோற்று, சானுகிக்கு நாடுகடத்தப்பட்டு, 1164இல் அங்கேயே செத்த சுதோகு பேரரசர், பெரும் பேயாவேன் என்று ரத்தத்தால் எழுதிவைத்தார் என்பது கதை. எழுநூறு வருஷம் கழித்து, முடிசூடப்போகும் மெய்ஜி, தூதனுப்பி அவருடைய ஆவியைக் கியோத்தோவுக்கு மரியாதையாக அழைத்துவரச் செய்கிறார். ரயிலும் தந்தியும் கொண்டுவந்த அதே அரசு. ஆறு வருஷம் கழித்து, 1874இல், அதே அரசு இன்னொரு ஆவியைப் பதவியிறக்கம் செய்கிறது. பத்தாம் நூற்றாண்டில் கிழக்கே தன்னையே புதிய பேரரசர் என்று அறிவித்துக்கொண்டு, 940இல் கொல்லப்பட்ட கலகக்காரன் தைரா நோ மசகாதோ, தோக்கியோவின் கந்தா கோயிலில் தெய்வமாக இருந்தான். கலகக்காரனை எப்படிக் கும்பிடுவது என்று அவனைப் பிரதான இடத்திலிருந்து நீக்கினார்கள். திரும்ப வைத்தது 1984இல். எந்தப் பேய்க்கு என்ன அந்தஸ்து என்று தீர்மானிக்கிற அதிகாரத்தை மட்டும் அரசு கைவிடவே இல்லை.

ஆண்கள், அரசர்கள், அமைச்சர்கள் பேச்சு போதும். வேலைக்காரியும் மனைவியும் பேயாக வருகிற இடத்துக்கு வருவோம்.

ஓகிகு ஒரு சாமுராய் வீட்டு வேலைக்காரி. எஜமானனின் பத்துத் தட்டுகளில் ஒன்றைக் காணோம். அவளைக் கொன்று கிணற்றில் போடுகிறார்கள். ராத்திரியானால் கிணற்றிலிருந்து எண்ணும் குரல்: ஒன்று, இரண்டு... ஒன்பதில் நின்று ஓலம். ஹிமேஜி கோட்டையில் இன்றும் ஒரு கிணற்றைக் காட்டி இதுதான் என்கிறார்கள். ஒரு மனுஷியின் உயிர் ஒரு தட்டுக்குக் கீழே என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. செத்த பிறகும் அவள் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், கணக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஓய்வாவின் கதையை நான்காம் ட்சுருயா நன்பொகு 1825இல் எதோ நகரின் நகாமுரா அரங்கத்துக்கு எழுதினார். கணவன் இயெமோன், எஜமானனை இழந்த சாமுராய். பக்கத்து வீட்டுப் பணக்காரர் தன் பேத்திக்கு அவனைக் கட்டிவைக்க ஆசைப்பட்டு, பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் ஓய்வாவுக்கு மருந்து என்று சொல்லி விஷம் அனுப்புகிறார். அவள் அந்தத் திசையை நோக்கிக் கும்பிட்டு நன்றி சொல்லிக் குடிக்கிறாள். முகம் சிதைகிறது, சீவச் சீவத் தலைமுடி கொத்துக்கொத்தாக வருகிறது. அவள் செத்த பிறகு, தான் கொன்ற வேலைக்காரன் உடம்பையும் அவள் உடம்பையும் ஒரே கதவுப் பலகையின் இரு பக்கமும் ஆணியடித்து ஆற்றில் விடுகிறான் இயெமோன். நாடக வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படும் செய்தி வேறு. முதல் மேடையேற்றத்தில் இந்த நாடகத்தைத் தனியாகப் போடவில்லை. எஜமானனுக்காகப் பழிவாங்கும் 47 சாமுராய்களின் கதையான 'சூஷின்குரா'வோடு மாற்றிமாற்றிக் கோத்து இரண்டு நாள் ஆட்டமாகப் போட்டார்கள். இயெமோன் அதே எஜமானனிடம் வேலை பார்த்தவன். ஒரே மேடையில் ஆண்களின் பழி விசுவாசம் என்று பெயர் வாங்குகிறது, பெண்ணின் பழி பயங்கரம் என்று. நன்பொகு அந்த வேறுபாட்டை வேண்டுமென்றேதான் காட்டினார் என்று நினைக்கிறேன். விசுவாசிகளின் கூட்டத்திலிருந்தே ஓர் இயெமோனை உருவி எடுத்திருக்கிறாரே.

இதுவரை எல்லாப் பேய்க்கும் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, கொன்றவன் இருந்தான்.

1978 கடைசியில் கிஃபு மாநிலத்தில் ஒரு வதந்தி கிளம்புகிறது. சனவரியில் உள்ளூர்ப் பத்திரிகையில் வருகிறது. 1979 கோடைக்குள் நாடு முழுக்கப் பிள்ளைகள் வாயில் அதுதான். குச்சிசாகே-ஒன்னா, வாய் கிழிந்த பெண். மாலையில், டியூஷன் விட்டு வரும் வழியில், முகமூடி போட்ட ஒருத்தி நிற்கிறாள். "நான் அழகா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்றால் முகமூடியைக் கழற்றி, காதுவரை கிழிந்த வாயோடு "இப்பவுமா?" என்கிறாள். இல்லை என்றால் வெட்டு. ஆமாம் என்றால் உனக்கும் அதே வாய். சில ஊர்களில் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போலீஸ் ரோந்து போனது. அந்த ஜூனில் ஹிமேஜியில் ஒரு பெண் விளையாட்டுக்கு அப்படி வேஷம் போட்டுக் கத்தியோடு திரிந்து கைதானாள். கோடை விடுமுறை வந்ததும் வதந்தி அடங்கிவிட்டது. பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் கதை பரவ வழியில்லை.

டியூஷனுக்குக் காசில்லாத தாய் பிள்ளையைப் பயமுறுத்தச் சொன்ன கதை என்று ஒரு விளக்கம் உண்டு. மைக்கேல் டிலன் ஃபாஸ்டர் அந்த முகமூடியை அக்காலத்து மாசுப் பிரச்சனையோடும் பெண்விடுதலை இயக்கத்தோடும் சேர்த்து வாசிக்கிறார். என் கவனம் வேறொரு சின்ன விஷயத்தில். அவளிடமிருந்து தப்பிக்கப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று 'பொமேட், பொமேட், பொமேட்' என்று மூன்றுதரம் சொல்வது. ஏன் பொமேட்? அழகு அறுவைசிகிச்சை செய்த டாக்டர் தலையில் அப்பியிருந்த பொமேடின் நாற்றம் தாங்காமல் அவள் முகத்தைத் திருப்பினாள், கத்தி வழுக்கிவிட்டது என்று ஒரு கிளைக்கதை. அதாவது அவளை விரட்டும் மந்திரம், அவளைக் கிழித்தவனின் அடையாளம். குற்றவாளியின் பெயர் எங்கும் இல்லை. அவன் தலை எண்ணெய் மட்டும் ஆயுதமாகப் பிள்ளைகள் கையில் வந்து சேர்ந்துவிட்டது.

பழைய கதையில் பேய் வந்தால் உனக்கு என்ன செய்தோம் என்று கேட்பார்கள். இங்கே கேள்வி கேட்பவள் அவள். தப்பிக்கிற பதிலைத் தேடுகிறோம். பள்ளிக் கழிவறையின் மூன்றாம் கதவுக்குப் பின்னாலிருக்கும் ஹனாகோ, போரின் விமான குண்டுவீச்சில் செத்த சிறுமி என்று சிலர் சொல்வார்கள். தெரியாமலே கதவைத் தட்டிவிட்டு ஓடலாம். ரயிலில் அடிபட்டுக் காலிழந்து வந்து "என் கால் எங்கே?" என்று கேட்கும் பெண்ணின் கதையில், சில வடிவங்கள் ஆக்கிரமிப்பு ராணுவத்துச் சிப்பாய் செய்த வன்கொடுமையிலிருந்து தொடங்குகின்றன. சொல்லச்சொல்ல அந்தத் தொடக்கம் உதிர்ந்துவிடுகிறது, சரியான பதில் மட்டும் மனப்பாடமாகிறது.

இதன் உச்சம் 'ரிங்'. சுசுகி கோஜியின் நாவல் 1991, நகாதா ஹிதேயோவின் படம் 1998. சதாகோவையும் கிணற்றில்தான் போடுகிறார்கள். படத்தில் அவள் எலும்பைத் தோண்டியெடுக்கிறார்கள். பழைய முறைப்படி பேய் அடங்கியிருக்கவேண்டும். அடங்கவில்லை. ஒளிநாடாவைப் பிரதியெடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் உயிர். நீதி என்பது, அடுத்தவன் தலையில் தள்ளிவிடுவதாகச் சுருங்கிவிட்டது.

கிணறு என்று சொல்லும்போது இன்னொரு வருஷத்துக்குப் போயாகவேண்டும். 1923 செப்டம்பர் 1, தோக்கியோவிலும் யொகொஹாமாவிலும் பூகம்பம், தீ. லட்சத்துக்கு மேல் சாவு. எரிந்துபோன நிதி அமைச்சகத்துக்கு ஒத்தேமாச்சியில் தற்காலிகக் கட்டடம் கட்டினார்கள். அது அதே மசகாதோவின் தலையைப் புதைத்ததாகச் சொல்லும் மேட்டின்மேல். 1926இல் நிதி அமைச்சர் ஹயாமி செய்ஜி சாக, இன்னும் சில அதிகாரிகள் சாக, பேய் என்று பேச்சு எழுந்தது. கட்டடத்தை எடுத்துவிட்டுச் சாந்தி செய்தார்கள். தோக்கியோவின் மிகப் பிரபலமான சாபக்கதை இன்றுவரை இதுதான்.

அதே செப்டம்பரில் அந்த நகரத்தில் இன்னொரு வதந்தியும் ஓடியது. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று. இதைப் பரப்பியதில் தெருவுக்கு மட்டுமல்ல, உள்துறை அமைச்சகத்துக்கும் பங்குண்டு. கடற்படை வானொலி நிலையத்திலிருந்து மாநிலங்களுக்குத் தகவல் போனது. தெருக் காவல் குழுக்கள் மூங்கில் ஈட்டியோடு நின்று, வழிப்போக்கரைப் 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்று ஜப்பானிய மொழியில் சொல்லச்சொன்னார்கள். நாக்குப் புரளாதவர் கொரியர். கொரியர் என்றால் சாவு. ராணுவமும் போலீசும் கொன்றன. அரசின் பேரிடர்த் தடுப்பு மன்றத்துக்காக 2008இல் எழுதிய அறிக்கையே, இறந்தோரில் நூற்றுக்கு ஒன்று முதல் சில பங்கு வரை இப்படிக் கொல்லப்பட்டவர்கள் என்கிறது. யொகொஅமிச்சோ பூங்காவின் நினைவுக்கல் 6000க்கு மேல் என்கிறது. செப்டம்பர் 16இல் அராஜகவாதி ஒசுகி சகாயே, அவருடைய தோழியும் பெண்ணியருமான 28 வயது இதோ நோயெ, ஆறு வயது மருமகன் மூவரையும் ராணுவப் போலீஸ் அதிகாரி அமகாசு மசஹிகோவும் ஆட்களும் கழுத்தை நெரித்துக் கொன்று ஒரு பழைய கிணற்றில் போட்டார்கள். அமகாசுவுக்குப் பத்து வருஷத் தண்டனை, மூன்று வருஷத்தில் விடுதலை. பின்னாளில் மஞ்சூரியாவில் ஒரு சினிமா நிறுவனத்துக்கே தலைவரானார். கற்பனை செய்து எழுதினால் மிகை என்பார்கள்.

ஓகிகுவின் கிணற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். சதாகோவின் கிணறு உலகம் முழுக்கத் தெரியும். நான் படித்த எந்தப் பேய்த் தொகுப்பிலும் இதோ நோயெயின் கிணறு இல்லை. விஷமே கலக்காத அந்தக் கிணறுகளுக்காகச் செத்த கொரியர்கள் எந்தத் தெருமுனையிலும் நின்று குழந்தைகளிடம் கேள்வி கேட்பதில்லை. பேயாக வருவதற்குக்கூட, உன்னைத் தன் ஆள் என்று கொலைகாரச் சமூகம் ஒத்துக்கொண்டாகவேண்டும் போலிருக்கிறது.

ஒத்தேமாச்சியின் மேட்டை 2021இல் புதுப்பித்து முடித்தார்கள். சுற்றிலும் வானளாவிய அலுவலகங்கள், பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சுமிதா ஆற்றைத் தாண்டி, யொகொஅமிச்சோ பூங்காவில் 1973இல் வைத்த நினைவுக்கல் முன்னால் ஒவ்வொரு செப்டம்பர் 1இலும் கொரியர்களுக்காக நினைவுகூட்டம் நடக்கிறது. அதற்குத் தோக்கியோ ஆளுநர்கள் இரங்கல் கடிதம் அனுப்புவது வழக்கமாக இருந்தது. 2016இல் பதவிக்கு வந்த ஆளுநர் கொய்கே யுரிகோ அந்த வருஷம் அனுப்பினார். 2017இல் அதை நிறுத்தினார். பூகம்பத்தில் செத்த எல்லோருக்கும் பொதுவாக அஞ்சலி செய்தாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம்.