ஐந்தாம் எண் சட்டை: ஜாக் சார்ல்டன் கற்றுத் தேர்ந்த தொழில்

கால்பந்தின் கணக்கேடு கோல் அடித்தவர்களுக்குச் சாதகமாக எழுதப்படுவது. தடுப்பாட்டக்காரர் நிறுத்திய பந்து எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அவர் கோட்டைவிட்ட ஒரு பந்து மட்டும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தகைய தொழிலில் ஒருவர் இருபது ஆண்டுகள் ஒரே கிளப்பில் நீடித்து, ஏறக்குறைய முப்பது வயதில் நாட்டு அணிக்குள் நுழைந்து, அடுத்த ஆண்டே உலகக் கோப்பையை வென்றார். ஜாக் சார்ல்டனின் அந்த வாழ்க்கை, இங்கிலாந்தில் நடுப் பின்கள வீரர் எப்படி உருவாகிறார் என்பதற்கு நல்ல பாடம். அவர் பிறவி மேதை அல்லர். தொழிலைக் கற்றுத் தேர்ந்தவர்.

முதலில் அந்த இடத்தின் வரலாறு. 1925 வரை, எதிரணிக் கோலுக்கும் தாக்குபவருக்கும் இடையே மூன்று எதிராட்டக்காரர்கள் இல்லாவிட்டால் அது ஆஃப்சைடு. அந்த ஆண்டு மூன்று என்பது இரண்டாகக் குறைக்கப்பட்டது. கோல்கள் கொட்டத் தொடங்கின. அதற்கு விடையாக, ஹெர்பர்ட் சேப்மன் நடத்திய ஆர்சனல் அணி, நடுக்களத்தில் ஆடிவந்த சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரு பின்கள வீரர்களுக்கு நடுவே நிறுத்தியது. 'ஸ்டாப்பர்' பிறந்தது அப்படித்தான். பிற்காலத்தில் சட்டைக்கு எண் வந்தபோது அந்த இடத்துக்கு 5 அமைந்தது. எதிரணியின் ஒன்பதாம் எண்காரரை மறிப்பது, உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றுவது, தொல்லையை விட்டுத் தூர உதைப்பது: இவ்வளவே அந்த எண்ணுக்கு வகுக்கப்பட்ட கடமை. சார்ல்டன் இந்த எல்லையை விரித்தார்.

அவர் பிறந்தது 1935 மே 8 அன்று, நார்தம்பர்லாந்தின் ஆஷிங்டனில். நிலக்கரி சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். தந்தையும் சுரங்கத் தொழிலாளி. கால்பந்து தாய் வழியில் வந்தது. தாய் சிஸ்ஸியுடன் பிறந்த நால்வர், அதாவது ஜாக்கின் தாய்மாமன்கள் நால்வரும், தொழில்முறைப் பின்கள வீரர்கள். அவர்களில் மூவர் லீட்ஸ் யுனைடெட்டுக்கு ஆடியவர்கள். நியூகாசிலின் புகழ்பெற்ற முன்கள வீரர் ஜாக்கி மில்பர்னும் தாய்வழி உறவே. ஆனால், அந்த வீட்டில் ஊரார் கண்பட்ட பிள்ளை தம்பி பாபி. அவருடைய ஆட்டத்தைக் காணப் பெரிய கிளப்புகளின் ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அண்ணனோ உயரமும் நீண்ட கழுத்துமாக, பிற்காலத்தில் 'ஒட்டகச்சிவிங்கி' என்று பட்டப்பெயர் வாங்கிய ஒல்லிப் பையன்.

பதினைந்து வயதில் லீட்ஸ் தேர்வுக்கு அழைத்தபோது ஜாக் போகவில்லை, சுரங்கத்தில் சேர்ந்தார். உள்ளே இறங்கிப் பார்த்ததும் அந்த வேலை வேண்டாமென்று விட்டார். போலீஸ் வேலைக்கு மனுப் போட்டார். நேர்காணலும் லீட்ஸின் தேர்வு ஆட்டமும் ஒரே நாளில் வந்தன. ஆட்டத்துக்குப் போனார். மைதானப் பணியாளராகக் கிளப்பில் சேர்ந்தவர், 1953 ஏப்ரலில், பதினேழு வயதில், டான்காஸ்டர் ரோவர்ஸுக்கு எதிராக முதல் அணியில் இறங்கினார். அந்த இடத்தில் அதுவரை ஆடியவர் ஜான் சார்ல்ஸ். தலையாலும் காலாலும் எதையும் செய்யவல்ல அந்த வேல்ஸ் நாட்டவர் முன்களத்துக்கு மாற்றப்பட்டதால்தான் நடுப் பின்களத்தில் இடம் காலியானது.

அடுத்து வந்த எட்டொன்பது ஆண்டுகள் பெருமைக்குரியவை அல்ல. இடையில் இரண்டாண்டுக் கட்டாய ராணுவ சேவை. 1956-ல் முதல் டிவிஷனுக்கு ஏறிய லீட்ஸ் 1960-ல் மீண்டும் இறங்கியது. சார்ல்டன் வாய்த்துடுக்கும் முன்கோபமும் உள்ளவராக, பயிற்சியில் அக்கறையற்றவராகப் பெயரெடுத்திருந்தார். உடன் ஆடிய டான் ரெவியே அவரைக் கடிந்தவர். அந்த ரெவி 1961-ல் மேனேஜரானபோது சார்ல்டனின் நாட்கள் எண்ணப்படுவதாகவே பலரும் நினைத்தார்கள். 1962-ல் அவர் வேறு கிளப்புக்குப் போகும் நிலையும் வந்தது.

திருப்பம் அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்வான்சீ ஆட்டத்தில் நேர்ந்தது. கோல்கீப்பர் கேரி ஸ்ப்ரேக், பால் ரீனி, நார்மன் ஹண்டர் ஆகிய இளைஞர்களை ரெவி முதன்முறையாகச் சார்ல்டனோடு சேர்த்து இறக்கினார். ஆளுக்கு ஆள் பிடித்து ஓடும் பழைய முறை வேண்டாம், ஒவ்வொருவரும் தன் பரப்பைக் காக்க வேண்டும் என்று சார்ல்டன் வற்புறுத்தினார். ரெவி ஒப்புக்கொண்டு, பின்களத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார். இந்த யோசனைக்குப் பின்னால் படிப்பு இருந்தது. ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே லில்லஷாலில் நடந்த கால்பந்துச் சங்கத்தின் பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போய்வந்தவர் அவர். ஆள் பிடித்து ஆடும் ஸ்டாப்பரை, எதிரணி முன்கள வீரர் தன் விருப்பப்படி எங்கும் இழுத்துப் போகலாம். பரப்பைக் காப்பவர் இடம் பெயராமல் நின்று, முழு ஆட்டத்தையும் எதிரே பார்த்து, மற்றவர்களைக் குரலால் நகர்த்தலாம். அதுவரை வம்புக்குப் பயன்பட்ட அவருடைய உரத்த குரல் அன்றுமுதல் தொழில் கருவியாயிற்று.

பலன் விரைவில் தெரிந்தது. 1964-ல் லீட்ஸ் இரண்டாம் டிவிஷனை வென்றது. மறு ஆண்டு லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டிலும் இரண்டாமிடம். 1965 ஏப்ரல் 10 அன்று, முப்பது வயதுக்கு ஒரு மாதம் குறைவாக இருந்தபோது, ஸ்காட்லாந்துக்கு எதிராக வெம்ப்லியில் சார்ல்டன் இங்கிலாந்துச் சட்டை அணிந்தார். தம்பி பாபியும் அதே அணியில். மேனேஜர் ஆல்ஃப் ராம்சே தேடியது ஒன்றுக்கொன்று பொருந்தும் இணைகளை. கேப்டன் பாபி மூர் அமைதியானவர். பந்தைப் பறித்து நிதானமாக முன்னனுப்புவார். ஆனால் வேகமும் தாவலும் அவருக்குக் குறைவு. உயர்பந்தைப் பார்த்துக்கொள்ளவும், மூர் முன்னேறினால் பின்னே நிற்கவும் ஒருவர் வேண்டியிருந்தது. அந்த இடம் சார்ல்டனுக்கு அளந்து தைத்தது.

1966 உலகக் கோப்பையின் முதல் நான்கு ஆட்டங்களில் இங்கிலாந்து ஒரு கோலும் விடவில்லை. அரையிறுதியில் போர்ச்சுகலின் நெடிய டோரஸ் தலையால் முட்டிய பந்தைச் சார்ல்டன் கையால் தடுத்தார். பெனால்டியை யூசேபியோ கோலாக்கினாலும், தம்பி பாபி அடித்த இரண்டு கோல்களால் இங்கிலாந்து 2-1 என வென்றது. மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970-ல்தான் உலகக் கோப்பைக்கு வந்தன. இன்றைய விதிப்படி அந்தக் கைக்கு நேரடிச் சிவப்பு அட்டை. இறுதியாட்டத்தில் அவருக்கு இடமே இருந்திராது. இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களிலும் அவர் மீது ஃபவுல் சொல்லப்பட்டது. அந்த ஃப்ரீ கிக்கிலிருந்துதான் மேற்கு ஜெர்மனியின் வெபர் 2-2 எனச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இங்கிலாந்து 4-2 என்று வென்றிராவிட்டால், ஆறு ஆட்டங்களின் காவலும் மறக்கப்பட்டு அந்த ஒரு ஃபவுல் மட்டுமே அவர் சரித்திரமாகியிருக்கும்.

அவர் கையாண்ட இன்னொரு உத்தியும் குறிப்பிடத்தக்கது. கார்னர் கிக்கின்போது எதிரணிக் கோல்கீப்பருக்கு நேர் முன்னால், கோல் கோட்டை ஒட்டிப் போய் நிற்பார். கோல்கீப்பரால் பந்தைப் பார்க்கவும் முடியாது, எளிதில் வெளியே வரவும் முடியாது. 1968 லீக் கோப்பை இறுதியாட்டத்தில் லீட்ஸ் ஆர்சனலை வென்ற ஒரே கோலும் கார்னரில் வந்ததே. தங்கள் கோல்கீப்பரை இடித்துத் தடுத்தார்கள் என்று ஆர்சனல் முறையிட்டது. இன்று ஏறக்குறைய எல்லா அணிகளும் செய்யும் இக்காரியத்துக்கு அவர் முன்னோடிகளில் ஒருவர். பின்கள வீரர் ஒருவர் லீக் ஆட்டங்களில் மட்டும் 70 கோல்கள் அடித்ததன் மர்மமும் இதில்தான் இருக்கிறது.

1967-ல் கால்பந்து எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தார்கள்; முந்தைய ஆண்டு அதே விருது தம்பிக்கு. 1969-ல் லீட்ஸ் லீக்கை வென்றபோது 42 ஆட்டங்களில் இரண்டே தோல்வி. விட்ட கோல்கள் 26. 1972 மே 6 அன்று எஃப்.ஏ. கோப்பையும் கைக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, அவருடைய 37-ஆம் பிறந்தநாளன்று, ஒரு டிரா போதும் லீக் பட்டத்துக்கு என்ற நிலையில் லீட்ஸ் உல்வ்ஸிடம் தோற்றது. மறு ஆண்டு ஓய்வு. லீட்ஸுக்காக 629 லீக் ஆட்டங்கள். அந்தக் கிளப்பில் இன்றும் அதுவே சாதனை. இங்கிலாந்துக்காக 35. பிறகு மேனேஜராக மிடில்ஸ்பரோவை முதல் ஆண்டிலேயே முதல் டிவிஷனுக்கு ஏற்றியதும், அயர்லாந்தை 1990 உலகக் கோப்பையின் காலிறுதிக்குக் கொண்டுபோனதும் தனிக் கட்டுரைக்குரியவை.

இவ்வளவு உழைப்புக்குக் கிடைத்த கூலியையும் பார்க்க வேண்டும். 1961 வரை இங்கிலாந்தில் எந்த வீரருக்கும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது. வீரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில்லின் வேலைநிறுத்த அறைகூவலுக்குப் பிறகே அந்த உச்சவரம்பு ஒழிந்தது. உலகக் கோப்பையை வென்ற 22 பேருக்கும் தலைக்கு 1,000 பவுண்டு.

கூலியைவிடக் கனத்த கணக்கு ஒன்று உண்டு. அந்நாளைய தோல் பந்து மழையில் நீரைக் குடித்துக் கனக்கும். அதை ஆட்டத்திலும் பயிற்சியிலும் ஆண்டுக்கணக்கில் தலையால் முட்டுவதுதான் ஸ்டாப்பரின் வேலை. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களைப் பற்றி கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, மூளைச் சிதைவு நோய்களால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்றது. 2021-ல் வந்த தொடர் ஆய்வு, வெவ்வேறு இடங்களில் ஆடியவர்களுள் தடுப்பாட்டக்காரர்களுக்கே ஆபத்து மிக அதிகம், சுமார் ஐந்து மடங்கு என்று காட்டியது. 2020 ஜூலை 10 அன்று, 85 வயதில் இறந்த ஜாக் சார்ல்டனுக்குப் புற்றுநோயோடு மறதி நோயும் இருந்தது. 1966 அணியின் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நோபி ஸ்டைல்ஸ், 2023-ல் மறைந்த தம்பி பாபி ஆகியோரையும் அதே நோய் தாக்கியது. ஒருவரின் நோய்க்கு இதுவே காரணம் என்று தனித்தனியே நிறுவ இயலாது. ஆனாலும், ஓர் அணியில் இத்தனை பேர் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கவும் இயலாது.

2020-ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தொடக்கப் பள்ளி வயதுச் சிறுவர்களின் பயிற்சியில் தலையால் முட்டுவதை விலக்கியது. மறு ஆண்டு, தொழில்முறை வீரர்கள் பயிற்சியில் பலமாக முட்டுவதை வாரத்துக்குப் பத்து முறை என்று வரையறுத்தது. நம் ஊர் மைதானங்களில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர்களும் இவ்விதியைத் தாமாகவே ஏற்பது நல்லது. சார்ல்டனிடமிருந்து அந்தச் சிறுவர்கள் கற்க வேண்டியது அவர் தலையால் செய்ததை அல்ல. எங்கே நிற்பது, எப்போது குரல் கொடுப்பது, இருபத்தேழு வயதிலும் எப்படித் தொழிலைப் புதிதாகக் கற்பது என்பதை.