சருமப் பூச்சுகளின் உட்பொருள் பட்டியல்

முகத்துக்கும் உடலுக்கும் பூசப்படும் களிம்பு, தைலம், சோப்பு முதலியவற்றின் உறையிலோ புட்டியின் முதுகிலோ, பூதக்கண்ணாடியின் உதவியின்றிப் பலருக்கும் புலப்படாத பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும், அப்பொருளில் கலந்துள்ள வஸ்துக்களின் பெயர் வரிசையே உட்பொருள் பட்டியல் எனப்படும். புட்டியின் முகப்பில் இருப்பது விற்பவர் தரும் வாக்கு. முதுகில் இருப்பது சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவர் அளிக்கும் வாக்குமூலம். ஆதலால் இரண்டு பூச்சுகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டிய பக்கம் அதுவே.

இப்பெயர்களுக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டு அரை நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஒரே வஸ்துவுக்கு ஒவ்வொரு வியாபாரியும் ஒவ்வொரு நாமகரணம் செய்துவந்த நிலையை மாற்றும் பொருட்டு, அமெரிக்க அழகுப்பொருள் உற்பத்தியாளர் சங்கம் 1973-இல் ஓர் அகராதியை வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று பெரும்பாலான நாடுகளில் வழங்கும் 'இன்சி' என்னும் பொதுப் பெயர்முறை. இம்முறையில் தாவரங்கள் லத்தீன் பெயரால் குறிக்கப்படுவதால், நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் 'கோகோஸ் நுசிஃபெரா' என்றும், சந்தனம் 'சாண்டலம் ஆல்பம்' என்றும் வேஷம் மாறி நிற்கக் காணலாம். அதே தேங்காயெண்ணெயைக் காரத்துடன் சேர்த்துச் சோப்பாக்கினால் பெயர் 'சோடியம் கோகோயேட்' ஆகிவிடும். 'டோகோஃபெரால்' என்பது வைட்டமின் ஈ. 'சோடியம் குளோரைடு' என்பது சமையலறை உப்பு. 'ஆல்கஹால்' என்று தனித்து வருவது சருமத்தை உலர்த்தும் சாராயமாயிருக்க, 'செட்டில் ஆல்கஹால்' என்பதோ சருமத்துக்கு மென்மை தரும் மெழுகு போன்ற திடப்பொருள். ஆக, உச்சரிக்க வராத பெயர்களெல்லாம் விஷம் என்று எண்ணி அஞ்சுவது பேதைமை. பெயரைப் பார்த்தவர் உடனே அதன் அளவையும் விசாரிக்க வேண்டும்.

அளவைப் பட்டியல் எண்ணால் சொல்வதில்லை, ஸ்தானத்தால் சொல்கிறது. எடையில் மிகுந்தது முதலிலும் அதற்குக் குறைந்தது அடுத்தும் என இறங்குமுகமாகவே பெயர்கள் எழுதப்பட வேண்டும் என்பது பொது விதி. இந்தியாவில் 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2020-இல் வகுக்கப்பட்ட அழகுப்பொருள் விதிகளும் இதையே விதிக்கின்றன. ஆனால் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மிகாத வஸ்துக்களை அவற்றிற்குள் எந்தக் கிரமத்திலும் எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு சத எல்லை எங்கே தொடங்குகிறது என்று பட்டியலில் கோடு போட்டுக் காட்டப்படுவதில்லையெனினும், அதை ஊகிக்க ஓர் உபாயம் உண்டு. 'பினாக்ஸிஎத்தனால்' என்னும் பதனப்பொருளுக்கு ஐரோப்பிய விதி அனுமதிக்கும் உச்ச அளவு 1 சதவீதம். எனவே சாயங்களை நீக்கி, அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்துக்கு மேற்பட்டதாயிருக்க இயலாது. முகப்பில் குங்குமப்பூவின் சித்திரம் பெரிதாகத் தீட்டப்பட்டிருக்க, பட்டியலில் அதன் பெயர் பினாக்ஸிஎத்தனாலுக்கும் பின்னே கடைசி வரியில் ஒளிந்திருந்தால், வாங்குகிறவர் விலை கொடுப்பது சித்திரத்துக்கேயன்றிக் குங்குமப்பூவுக்கன்று.

வரிசையின் தலையில் பெரும்பாலும் 'அக்வா' என்ற பெயரில் தண்ணீர் நிற்கும். அதைத் தொடர்பவை ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை, ஈரம் வெளியேறாமல் மூடுபவை, நீரையும் எண்ணெயையும் பிணைப்பவை என்ற மூவகையுள் அடங்கும். முதல் வகைக்குச் சிறந்த உதாரணம் கிளிசரின். 1779-இல் ஷீலே என்ற ரசாயனர் ஆலிவ் எண்ணெயிலிருந்து பிரித்தறிந்த இத்தித்திப்பான திரவத்துக்கு மேலான ஈரங்காப்பான் மிகச் சிலவே. மலிவானது என்பதற்காக இதைத் தாழ்வாக எண்ணுவோர் பெரிதும் ஏமாறுகிறார்கள். இரண்டாம் வகையில் முதன்மையானது, அமெரிக்காவில் பெட்ரோலியக் கிணறுகளில் படிந்த பசையிலிருந்து செஸ்ப்ரோ என்பவர் தூய்மைப்படுத்தி, 1872-இல் காப்புரிமை பெற்று 'வாஸலைன்' என விற்ற பெட்ரோலேட்டம். மூன்றாம் வகையின் வேலை எத்தகையது என்பதைப் பழைய சரித்திரம் காட்டும்: ரோமாபுரியில் 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வைத்தியர் கேலன் தேன்மெழுகையும் எண்ணெயையும் பன்னீரையும் சேர்த்துச் செய்ததாகச் சொல்லப்படும் களிம்பில் பிணைப்பு உறுதியற்றிருந்ததால், பூசியவுடன் நீர் பிரிந்து ஆவியாகிக் குளிர்ச்சி தந்தது, 'கோல்ட் கிரீம்' என்ற பெயர் அதனால் வந்ததே.

'செயல்பொருள்' என்று விளம்பரங்களில் போற்றப்படுபவை பெரும்பாலும் இவற்றினும் குறைந்த அளவில் இருப்பவை. வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமாகிய நியாசினமைடு, முகப்பருவுக்கான சாலிசிலிக் அமிலம், சுருக்கங்களுக்கான ரெட்டினால் ஆகியவற்றுக்கு ஆய்வின் ஆதரவு உண்டு. கொலாஜனைப் பூசினால் அது உள்ளே சென்று சருமத்தின் கொலாஜனாகிவிடும் என்ற நம்பிக்கைக்கோ ஆதாரமில்லை. 500 டால்டனுக்கு மேற்பட்ட எடையுடைய மூலக்கூறுகள் பழுதற்ற தோலின் மேலடுக்கை ஊடுருவுவது அரிது என்பது 2000-ஆம் ஆண்டில் வகுத்துரைக்கப்பட்ட பொதுவிதி. கொலாஜனின் எடையோ ஏறத்தாழ மூன்று லட்சம் டால்டன். அது மேலே தங்கி ஈரம் காக்கும், அவ்வளவே.

பட்டியலில் மிகுந்த பழிக்கு ஆளானவை பதனப்பொருள்கள். நீர் இருக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளரும். விரலிட்டு எடுக்கும் களிம்புச் சிமிழில் அது விரைந்து வளரும். இதைத் தடுக்க 1920-களிலிருந்து பாரபென் என்னும் வகை பயன்பட்டு வந்தது. 2004-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்குழு 20 மார்பகக் கட்டிகளின் திசுவைச் சோதித்து, அவற்றில் பாரபென்னின் சுவடு இருப்பதாக அறிவித்தது. நோயற்ற திசு உடன்வைத்து ஒப்பிடப்படவில்லை. பாரபென்தான் நோய்க்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவுமில்லை. ஆயினும் பீதி பரவிற்று. 'பாரபென் இல்லாதது' என்ற வாசகம் புட்டிகளின் முகப்பில் ஏறிற்று. காலியான இடத்தில் பல பூச்சுகளில் வந்தமர்ந்ததோ 'மெத்தில் ஐசோதயசோலினோன்' என்ற வஸ்து. அது தோலொவ்வாமையை அலையலையாக எழுப்பியதன் விளைவாக, அமெரிக்கத் தொடுதோலழற்சி மருத்துவர் சங்கம் 2013-இல் அதனையே 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. கழுவாமல் விட்டுவிடும் பூச்சுகளில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பா 2017 முதல் தடுத்தது. அதே சங்கம் 2019-இல் பாரபென்களை 'ஒவ்வாமை விளைக்காப் பொருள்' என்று சிறப்பித்தது. ஐரோப்பிய ஆணையம் போதிய சான்றில்லாத ஐந்து பாரபென் வகைகளை 2014-இல் விலக்கியதும், மெத்தில் பாரபென், எத்தில் பாரபென் ஆகியவற்றைத் தலா 0.4 சதவீதம் வரை அனுமதித்து வருவதும் உண்மையே. இவ்விதம் வகை பிரித்து அளவு குறித்துப் பேசுவதுதான் சாஸ்திரம். ஒரு வஸ்துவை விலக்குகிறவர் அதன் ஸ்தானத்தில் எது வந்தது என்று கேளாமலிருப்பது எத்துணை அபாயம் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் நான் அறியேன்.

'பர்ஃபம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனையோ வாசனைத் திரவியங்கள் மறைந்திருக்கக்கூடும். அவற்றுள் ஒவ்வாமை தரவல்ல 26 பொருள்களைக் குறித்த அளவுக்கு மேற்படின் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று 2003-இல் ஐரோப்பா விதித்தது; அவ்வெண்ணிக்கை 2023-இல் எண்பதுக்கு மேல் விரிக்கப்பட்டது. லிமோனீன், லினலூல் முதலிய இவற்றில் பல, பூவிலும் பழத்தோலிலும் இயல்பாக உள்ளவை என்பது கவனிக்கத்தக்கது. இயற்கையிலிருந்து வந்தது ஆதலால் தீங்கற்றது என்னும் வாதத்துக்குச் சேராங்கொட்டையே போதிய மறுப்பு. அதன் பால் பட்ட இடம் கொப்புளிப்பதைக் கிராமத்துப் பிள்ளைகளும் அறிவர். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் திரிந்தால் தோல் வெந்து கறுப்பதும் உண்டு.

சோப்பு வாங்கும் இந்தியர் உறையில் காண்கிற 'டி.எஃப்.எம்.' என்பது அதிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம். இந்தியத் தர நிர்ணயம் குளியல் சோப்பை 76, 70, 60 என்ற குறைந்தபட்ச அளவுகளைக் கொண்டு மூன்று தரமாகப் பிரிக்கிறது. இவ்வெண் உயர்ந்திருந்தால் நிரப்புப் பொருள் குறைவு என்று கொள்ளலாமேயன்றி, சருமத்துக்கு இதமானது என்று கொள்ளலாகாது. தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 பி.எச். அளவில் சிறிது அமிலத்தன்மை உடையது. சோப்போ எத்தரமாயினும் 9, 10 என்ற காரநிலையில் நிற்பது.

ஒப்பிடும் முறைக்கு ஒரு பிரத்தியட்ச உதாரணம்: நியாசினமைடு இருப்பதாகச் சொல்லும் இரு களிம்புகளுள் ஒன்றில் 'அக்வா, கிளிசரின், நியாசினமைடு, பெட்ரோலேட்டம், செட்டில் ஆல்கஹால், பினாக்ஸிஎத்தனால்' என்றும், மற்றொன்றில் 'அக்வா, மினரல் ஆயில், ஸ்டியரிக் ஆசிட், பினாக்ஸிஎத்தனால், பர்ஃபம், நியாசினமைடு' என்றும் இருப்பதாகக் கொள்வோம். பயன் தெரிந்த ஆய்வுகள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீத நியாசினமைடைக் கொண்டு நடந்தவை. இரண்டாவது களிம்பில் அது 1 சதவீதத்தைத் தாண்டாது, மேலும் வாசனையும் சேர்ந்திருக்கிறது. விலை இருமடங்காயினும் முதலாவதையே சருமம் விரும்பும்.

பட்டியல் சொல்லாமல் மறைப்பதும் உண்டு. முகத்தை வெளுப்பாக்குவதாகச் சொல்லிக் கள்ளச் சந்தையில் விற்கும் களிம்புகள் சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரச உப்பு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் பட்டியலில் இராது. உற்பத்தியாளர் விலாசமும் தொகுதி எண்ணும் இல்லாத எதையும், எத்தனை பேர் புகழ்ந்தாலும், தொடலாகாது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் முதலிய ஸ்டீராய்டு களிம்புகளோ அழகுப்பொருளே அல்ல. மருத்துவர் சீட்டின்றி அவற்றை முகத்தில் மாதக்கணக்காகத் தடவியவர்கள் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரிய அவதியுறுவதை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது.

பட்டியல் முற்றும் நன்றாயிருந்தபோதிலும் ஒருவர் தோல் ஒன்றை ஏற்குமா என்பதை அது உரைக்க இயலாது. புதுப் பூச்சை முழங்கை மடிப்பின் உட்புறத்தில் நாளொன்றுக்கு இருமுறை சிறிதளவு தடவி, ஏழு முதல் பத்து நாள் வரை பார்த்த பின்பே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஏனெனில் ஒவ்வாமை தாமதித்துத் தோன்றும் இயல்பினது. அரிப்போ தடிப்போ கண்டால் புட்டியைத் தூக்கியெறியாமல் பட்டியலோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நலம். நோயாளியின் முதுகில் ஒட்டிச் செய்யும் பரீட்சையில் அவர் கண்டுபிடித்துத் தருகிற அந்த ஒரு பெயரை எழுதி வைத்துக்கொண்டால், இனி வாங்கும் ஒவ்வொரு புட்டியின் முதுகிலும் தேட வேண்டியது அதையே.