சரிபார்த்த விடையும் அறியாத புள்ளியும்

பரீட்சை மண்டபத்தை விட்டு வெளிவரும் மாணவர் நேரே வீடு செல்வது அரிது. கல்முனைக்குடியில் அவர்தம் கால்கள் கடற்கரைப் பள்ளிவாசலை அடுத்த மணற்பரப்பை நாடும். அங்கே வினாத்தாள் மடியில் விரிக்கப்படும். பல்தேர்வு வினா ஒன்றுக்கு ஒருவன் மூன்றாம் விடை என்பான். மற்றவன் நான்காம் விடை என்று சாதிப்பான். கூட்டத்தில் கெட்டிக்காரன் எனப் பெயர் பெற்றவன் எவ்விடையைச் சொல்கின்றானோ அவ்விடையை எழுதாதவர் முகம் உடனே வாடிவிடும். கெட்டிக்காரனும் தவறக்கூடும் என்பது அவ்வேளையில் எவர்க்கும் தோன்றுவதில்லை. வீட்டிலே வாப்பாவும் உம்மாவும் கேட்கப்போகும் கேள்விக்கு ஒரு மறுமொழி தேடிக்கொள்வதற்காகவே அம்மாலைப்பொழுது செலவாகின்றது.

இவ்வழக்கம் பழையது. ஆனால், இவ்வாறு விடை ஒப்பிட்டுப் பார்ப்பதனால் ஒரு மாணவன் தன் கதியை எவ்வளவு தூரம் அறியலாம் என்பது காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையோரத்திற் பிறந்த பிள்ளைக்கு உயர்கல்வியின் வாயில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையே. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து வரும்; விடைத்தாள் கப்பலேறி அங்கே செல்லும்; பெறுபேறு அறியப் பல மாதம் காத்திருத்தல் வேண்டும். 1892இல் காரைதீவிற் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்ற மயில்வாகனன் அப்பரீட்சையிற் சித்தியெய்தியபோது வயது பதினாறு. பிற்காலத்தில் விபுலானந்த அடிகளாகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் அவரே. ஆனால் அக்காலத்தில் இத்தகையோர் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இன்னொரு விடை வேண்டுமன்றோ?

1942 ஜூலையில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதிற் பயின்ற மாணவர் 904 பேர். நாடு முழுவதற்கும் அவ்வளவே. புகுமுகப் பரீட்சையைப் பல்கலைக்கழகமே நடத்தியது, மொழி ஆங்கிலம், எழுத்துப் பரீட்சையோடு நேர்முக வினாவலும் இருந்தது. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் ஆங்கிலக் கல்வி அப்பொழுது மிகக் குறைவு. அதே 1942இல், யுத்தகால உணவு உற்பத்தியைக் கவனிக்க உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். வயல்களைப் பார்க்க வந்தவர் பள்ளிக்கூடங்களையும் பார்த்தார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அடிகளாரோடு அவருக்கு நட்பு ஏற்பட்டதும் இக்காலத்திலேதான். வறுமையால் ஒரு மாணவனின் படிப்பு நின்றுவிடலாகாது என்ற அவரது எண்ணம் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. இலவசக் கல்வி வந்ததும் அவ்வாண்டே. 1949இல் கல்முனையில் ஸாஹிறாக் கல்லூரி எழுந்தது. கடற்றொழிலாளர் மகனும் நெசவாளர் மகனும் அருகருகே இருந்து வினாத்தாளை விரிக்கும் மாலைகள் இவற்றின் பின்னரே இயல்வனவாயின.

1960களில் தாய்மொழிவழிக் கல்வி பல்கலைக்கழகம் வரை சென்றது. அக்காலத்து மாணவனின் கணக்கு எளிது. பாடம் நான்கு, மொத்தப் புள்ளி 400. மணலில் இருந்து விரல்விட்டு எண்ணினால் தன் தொகையை ஓரளவு மதிப்பிடலாம். சென்ற ஆண்டு எத்தனை புள்ளிக்கு இடம் கிடைத்தது என மூத்த மாணவரிடம் கேட்டறியலாம். கவலை இருந்தது; கவலைக்கு ஓர் அளவுகோலும் இருந்தது.

அவ்வளவுகோல் 1970க்குப் பின் முறிந்தது. தமிழ்மொழிப் பரீட்சகர் தாராளமாகப் புள்ளி வழங்கினர் என்றொரு குற்றச்சாட்டு எழுந்தது. ஆராய்ந்தபோது அது நிறுவப்படவில்லை. ஆயினும், மருத்துவ பீடம் புகச் சிங்கள மொழிமூல மாணவர்க்கு 229 புள்ளியும் தமிழ் மொழிமூல மாணவர்க்கு 250 புள்ளியும் வேண்டும் என 1971இல் வகுக்கப்பட்டது. 240 புள்ளி பெற்ற தமிழ் மொழிமூல மாணவனின் விடைகளில் எப்பிழையும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அவன் எழுதிய மொழியே அவனை வெளியே நிறுத்தியது. தமிழில் எழுதிய கல்முனைக்குடி மாணவனையும் இவ்விதி விட்டுவைக்கவில்லை. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. இவை விளைத்த மனக்கசப்பு நாட்டின் பிற்கால வரலாற்றில் எவ்வளவு ஆழமாய் இறங்கியது என்பதை நேயர் அறிவர்.

1974இல் மாவட்டக் கோட்டா சேர்ந்தபோது நிலைமை இன்னொரு வகையாய்த் திரும்பியது. யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன. பின்தங்கிய மாவட்டங்கள் பெற்றன. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை பெற்றவற்றுள் ஒன்று. மொழியால் இழந்தவன் மாவட்டத்தால் பெற்றான் என்பது விந்தையான நிலை. யாழ்ப்பாணத்து மாணவனின் மனக்குறையும் கல்முனைக்குடி மாணவனின் ஆறுதலும் ஒரே சட்டத்திலிருந்து பிறந்தன, இரண்டும் நியாயமானவையே. இதனை மறைத்து அவ்வரலாற்றை ஒரு பக்கமாய்ச் சொல்வோர் இரு தரப்பிலும் உளர்.

இம்மாவட்ட முறை பல திருத்தங்களோடு நிலைத்துவிட்டது. இன்று பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்ட மக்கட்டொகைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. 2001 தொடக்கம் இஸட் புள்ளி முறை வழக்கிலுள்ளது. மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுக்க வருவது அது. மூன்று பாடங்களின் சராசரி அவன் நிலையைக் குறிக்கும். இதன் பொருள் யாதெனில், மணலிலே விடையனைத்தும் சரியெனக் கண்டவனும் தன் புள்ளியை அறியான் என்பதே. அது நாடெங்கும் மற்றவர் எழுதியதைப் பொறுத்தது. அம்பாறைக்குரிய இடங்களுக்கோ பாண்டிருப்புத் தமிழ் மாணவி, உகணைச் சிங்கள மாணவன், சாய்ந்தமருது முஸ்லிம் மாணவன் யாவரும் அவனோடு போட்டியிடுவர். அவர்களுடைய விடைகளை அவன் எங்கே சென்று ஒப்பிடுவது?

கணித்தவர்க்கும் இக்கணக்குத் தவறியதுண்டு. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் எழுதினர். வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இரு சாராரையும் ஒன்றாக்கிப் புள்ளி கணித்ததால் பெருங்குழப்பம் விளைந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. இரு சாராருக்கும் வேறுவேறாகக் கணிக்குமாறு 2012இல் தீர்ப்பாயிற்று. பெறுபேறு கையிற் கிடைத்த பின்னும் மாதக்கணக்கில் தம் நிலை அறியாது தவித்தனர் அவ்வாண்டு மாணவர்.

கல்முனைக்குடிக்குத் தெற்கே ஒலுவிலில் இப்பொழுது தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. அதன் பொறியியல் பீடத்துக்குத் தென்னிலங்கையிலிருந்தும் மாணவர் வருகின்றனர். கல்முனைக்குடிப் பிள்ளை மொறட்டுவைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேரூந்து ஏறுவதும் உண்டு. வெட்டுப்புள்ளி வெளிவரும் வரை எவ்வூர் என்பதை வீட்டாரும் அறியார். அதுவரையில் மணலில் விரித்த அந்த வினாத்தாள், மடிப்புக் கலையாமல் அலுமாரியில் இருக்கும்.