மலேரியாவைக் காட்டிக் கொடுத்த கருப்புத் துகள்

கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களைப் பேசும்போது முல்லைப் பெரியாறு அணையைப் பேசாமல் இருக்க முடியாது. 1887-ல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட அணை அது. அதைக் கட்டிய பென்னிகுவிக்கின் பெயர் தேனி மாவட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தக் காட்டுக்குள் கல் சுமந்த கூலியாட்களை வாட்டியது மழையும் வெள்ளமும் மட்டுமல்ல. மலேரியாவும் காலராவும் பலரைக் கொண்டு போயின. அணைக்கு அருகில் உள்ள பழைய கல்லறைகள் இன்றும் அதற்குச் சாட்சி.

அன்றைய மருத்துவர்களிடம் கொய்னா மருந்து இருந்தது. அதற்கான சின்கோனா மரங்கள் நீலகிரியிலேயே வளர்ந்தன. 1880-ல் அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைப் பார்த்தும் விட்டார். ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்பது மட்டும் தெரியவில்லை. மலேரியா என்ற சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் பொருள்!

விடை கிடைத்தது 1897 ஆகஸ்ட் 20 அன்று. அணை திறந்து இரண்டு வருடம் கூட ஆகவில்லை. மதராஸ் மாகாண மருத்துவப் பணியில் இருந்த ரொனால்ட் ராஸ், அந்த வருடம்தான் ஊட்டிக்குப் பக்கத்தில் சீகூர் மலைப்பாதையில் தானே மலேரியாவில் விழுந்து எழுந்தவர். செகந்திராபாத்தில் ஒரு கொசுவை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன் வயிற்றுச் சுவரில் சில உருண்டைகள் தெரிந்தன. அவை மலேரியாக் கிருமிதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? உள்ளே இருந்த கருப்புத் துகள்களால்தான். நோயாளிகளின் இரத்தத்தில் அவர் பலமுறை பார்த்திருந்த அதே துகள்கள்!

அந்தத் துகளின் பெயர் ஹீமோசோயின். மலேரியாக் கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிஞ்சும் இரும்புள்ள பகுதி கிருமிக்கே விஷம். அதனால் அதைப் படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது. விசேஷம் என்னவென்றால், ஆக்சிஜன் ஏந்திய நல்ல இரத்தத்தைக் காந்தம் இழுக்காது, மிக லேசாக விலக்கும். இதை 1936-ல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோர்யெலும் அளந்து காட்டினார்கள். ஹீமோசோயினையோ காந்தம் லேசாக இழுக்கும். 1981-ல் ஆய்வாளர்கள் வலுவான காந்தப்புலத்தைக் கொண்டு மலேரியா தாக்கிய சிவப்பணுக்களை இரத்தத்திலிருந்து தனியே பிரித்தார்கள்.

இங்கே இயற்கையே ஒரு அடையாளச் சீட்டு ஒட்டியிருக்கிறது. மற்ற நோய்களுக்கு அப்படி இல்லை, மனிதன்தான் ஒட்ட வேண்டும். 1950-களின் இறுதியில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அயோடினை ஒட்டி இரத்தத்தில் இன்சுலினை அளந்தார்கள். ஆனால் கதிரியக்கம் ஆபத்து, நாளாக ஆகத் தேய்ந்தும் போகும். 1971-ல் நிறம் மாற்றும் என்சைமை ஒட்டும் எலைசா முறை வந்தது. அதிலும் சிக்கல் உண்டு, இரத்தத்துக்கே சொந்த நிறம் இருக்கிறதே!

அப்போதுதான் காந்தம் கைகொடுத்தது. 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும், சில அணு அடுக்குத் தடிமனே உள்ள உலோகப் படலங்களின் மின்தடை காந்தப்புலத்தில் வெகுவாக மாறுவதைத் தனித்தனியே கண்டார்கள். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கைப் படிக்க உதவிய இந்தக் கண்டுபிடிப்புக்கு 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1998-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் டேவிட் பேசெல்ட் குழுவினர் இதே சென்சாரை உயிர் மூலக்கூறுகளின் பக்கம் திருப்பினார்கள்.

முறை எளிது. சென்சாரின் மேல் ஒரு எதிர்ப்பொருள், தேடும் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். காந்த மணி ஒட்டிய இன்னொரு எதிர்ப்பொருள் அதன் மேல் வந்து உட்காரும். மணிகள் எத்தனை உட்கார்ந்தன என்பதை மின்தடை மாற்றம் சொல்லிவிடும். இரத்தத்தில் காந்தத்தன்மை இல்லாததற்குச் சமம் என்பதால் தொந்தரவு குறைவு. சீரம், சிறுநீர், எச்சில் எதுவானாலும் அளவு பெரிதாக மாறுவதில்லை என்று 2009-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மலேரியாவில் மட்டும் காந்த முறைக்கு ஒரு தடை இருக்கிறது. நோயின் ஆரம்பத்தில், இளம் கிருமியிடம் இந்தத் துகள் மிகக் குறைவு. அதனால் இன்றும் நுண்ணோக்கியும், தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்பொருளால் கோடு காட்டும் அட்டைச் சோதனையும்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன. அதுவும் ஒரு அடையாளச் சீட்டுதான்.

பெரியாற்றுக் காட்டில் காய்ச்சலோடு படுத்த கூலியாளின் இரத்தத்திலும் அந்தக் கருப்புத் துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவரைக் கொன்றது காற்று அல்ல, கொசு என்று அது சொல்லியிருக்கும். படிக்கத் தெரிந்தவர் வருவதற்குள் அணை வேலை முடிந்துவிட்டது.