பழைய வேனைப் பயண வீடாக்கலாமா? பலகை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியும் இரவுச் சந்தைக்குச் சரக்கு சுமந்தும் ஓய்ந்துபோன நிசான் வேனெட், டொயோட்டா ஹையேஸ் போன்ற வேன்களைப் படுக்கை, அடுப்பு, தண்ணீர் வசதியோடு பயண வீடாக மாற்றுவோர் மலேசியாவில் உண்டு. தச்சு வேலையும் வயரிங்கும் ஓரளவு தெரிந்தவர்கள் வீட்டு வாசலிலேயே இதைச் செய்துகொள்ளலாம். ஆனால், கட்டில், அலமாரிக்கு முன் கவனிக்க வேண்டியவை ஐந்து.

துரு: தரை, சக்கர வளைவு, கூரை ஓரம், கதவின் அடிப்பகுதி ஆகிய இடங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். துருவை வெட்டியெடுத்து வெல்டிங் செய்யாமல் பலகையால் மூடினால், அது உள்ளுக்குள் பரவும். தரையில் ஓட்டை இருந்தால் மழைநீர் மட்டுமல்ல, புகையும் உள்ளே வரும்.

பத்திரம்: இருக்கைகளைக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது, ஜன்னல் வெட்டுவது போன்ற மாற்றங்களுக்கு ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவைப்படலாம். வேலை முடிந்தபின் போனால், செய்ததைப் பிரிக்க நேரிடலாம். எனவே முதலிலேயே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் விபத்தின்போது இழப்பீடு சிக்கலாகும்.

எடை: 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு முழுப் பலகை சுமார் 20 கிலோ இருக்கும். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. பழைய வேனின் பிரேக்கும் ஸ்பிரிங்கும் இதைத் தாங்க வேண்டும். கனமான பொருள்களைத் தாழ்வாக, இரு பக்கமும் சமமாக வைக்க வேண்டும். ஓடும் வேனில் யாரும் கட்டிலில் படுக்கக்கூடாது. இருக்கைப் பட்டை உள்ள இடத்தில்தான் உட்கார வேண்டும்.

மின்சாரம்: சிறிய 12 வோல்ட் குளிர்பெட்டி ஒரு நாளைக்குச் சுமார் 500 வாட்-மணி எடுக்கும். விசிறி, விளக்கு சேர்த்தால் ஏறக்குறைய 700. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-மணி இருக்கும். ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். அதே அளவு ஈய பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். ஒரு நாளுக்கே போதாது. வீட்டு ஏர்கோனை இரவு முழுதும் ஓட்ட இந்த பேட்டரி பத்தாது. நம் நாட்டு வெக்கைக்குக் கூரை விசிறியும் கொசுவலை போட்ட ஜன்னலும் சிக்கனமான வழி. ஒவ்வொரு வயருக்கும் பேட்டரி அருகிலேயே பியூஸ் வைப்பது கட்டாயம்.

காற்று: இதில்தான் உயிர் இருக்கிறது. இஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனில் தூங்கினால், கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே மயக்கி உயிரைப் பறிக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே கேஸ் தோம்பு வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் வேண்டும். சமையலை வெளியில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கை அருகே பொருத்த வேண்டும்.

செலவைக் கணக்கிடும்போது முதல் பணத்தைப் பிரேக், டயர், இஞ்சின், வெல்டிங் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் உள்வேலையைத் தொடங்கலாம். நெடும் பயணத்துக்கு முன் அருகிலுள்ள ஊருக்குப் போய் ஓரிரவு தங்கிப் பார்த்தால், குறைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.