ரோபோ துணையுடன் பகுதி முழங்கால் மூட்டு மாற்று

முழங்கால் மூட்டுக்கு மூன்று அறைகள் உண்டு: உட்புறம், வெளிப்புறம், முட்டிச் சில்லின் பின்புறம். மூட்டுத் தேய்மானம் இவற்றுள் ஒன்றை மட்டும், பெரும்பாலும் உட்புற அறையை, அரித்திருக்கும்போது அந்த அறையின் பரப்பை மட்டும் செதுக்கி, உலோகமும் பாலிஎத்திலீனும் பொருத்துவது பகுதி முழங்கால் மூட்டு மாற்று அறுவை. செதுக்கும் கருவி முன்கூட்டித் திட்டமிட்ட எல்லையைத் தாண்டாதபடி கணினியோடு இணைந்த இயந்திரம் தடுக்குமானால், அது ரோபோ துணையுடன் செய்யும் அறுவை. கருவியைப் பிடித்திருப்பவர் அப்போதும் மருத்துவரே. இயந்திரத்தின் வேலை வழிவிடுவதும் மறிப்பதும்தான். ஒருமுறை கைவிடப்பட்ட சிறிய செயற்கை மூட்டு ஒன்று மீண்டும் மருத்துவர்களின் நம்பிக்கையைப் பெற முயன்றதே இம்முறையின் வரலாறு. ஆகவே ரோபோ எவ்வளவு துல்லியமானது என்று கேட்பது போதாது. பகுதி மாற்று தோற்றதற்கான காரணங்களுள் எவற்றை அது நீக்குகிறது, எவற்றைத் தொடவே இல்லை என்று கேட்க வேண்டும்.

தொடக்கமும் சரிவும்

1950களில் அமெரிக்காவில் மெக்கீவரும் கனடாவில் மெக்கின்டாஷும் கீழ்க்கால் எலும்பின் தேய்ந்த பக்கத்தில் மட்டும் தட்டு வைத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஃபிராங்க் கன்ஸ்டன், தொடை எலும்பில் உலோக வளைவும் கீழே பிளாஸ்டிக் தடமும் சிமென்டால் பதித்து, 1971இல் தம் அனுபவத்தை வெளியிட்டார். ஹாம்பர்க்கில் 1969இல் 'செயின்ட் ஜார்ஜ்' வகையும், அமெரிக்காவில் 1972இல் மார்மர் வகையும் வந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை மருத்துவர் ஜான் குட்ஃபெல்லோவும் பொறியாளர் ஜான் ஓ'கானரும் நகரும் பிளாஸ்டிக் துண்டு கொண்ட மூட்டை 1970களின் நடுவில் உருவாக்கினர். 1982 முதல் அது உட்புற அறைக்கு மட்டுமான மூட்டாகவும் பயன்பட்டது. ஆனால் அதற்குள் காற்று திசைமாறியிருந்தது. நியூயார்க்கில் 1974இல் அறிமுகமான முழு மூட்டு மாற்று நிலையான பலன் தரத் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் இன்சால் 1976இலும் 1980இலும் பகுதி மாற்று பற்றி வெளியிட்ட அறிக்கைகள் ஊக்கமளிப்பவையாக இல்லை. 1989இல் கோசினும் ஸ்காட்டும் வகுத்த நிபந்தனைகள், எடை 82 கிலோவுக்குக் குறைவாகவும் வயது 60க்கு மேலாகவும் இருக்க வேண்டும் என்பன உட்பட, இந்த அறுவைக்கு உரியவர்களின் வட்டத்தை மேலும் சுருக்கின.

அந்தத் தோல்விகளுக்கு இருவகைக் காரணங்கள் இருந்தன. முதலாவது, ஆள் தேர்வு. முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்த முழங்காலில் பகுதி மூட்டு நிலைக்காது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு குழு தன் தோல்விகளை ஆராய்ந்தே கண்டறிந்தது. இரண்டாவது, பொருத்தும் நுட்பம். முழு மாற்றில் மருத்துவர் தசைநார்களைத் தளர்த்தி மூட்டைச் சமன் செய்ய இடமுண்டு. பகுதி மாற்றிலோ தசைநார்கள் இருந்தபடியே இருக்கும். செயற்கை மூட்டுத்தான் அவற்றுக்கு இணங்க வேண்டும். பொருத்தியது சற்றுத் தடித்துவிட்டால் எடை எதிர்ப்புற அறைக்குத் தள்ளப்பட்டு, நல்ல குருத்தெலும்பும் தேயத் தொடங்கும். சாய்வு பிசகினால் மூட்டு தளரலாம். 1990களில் ரெபிச்சி போன்றோர் சிறு கீறல் முறையைப் பரப்பினர். 1998இல் ஆக்ஸ்ஃபோர்டு மூட்டின் மூன்றாம் வடிவமும் அந்த வழியிலேயே வந்தது. நோயாளி விரைவில் எழுந்து நடந்தார். ஆனால் மருத்துவரின் பார்வைக்குக் கிடைத்த இடம் குறுகியது, பிழைக்கான வாய்ப்பு கூடியது. ரோபோவுக்கான தேவை இங்கேதான் பிறந்தது.

ரோபோவின் வருகை

எலும்பு அறுவையில் முதலில் பெயர் பெற்ற ரோபோடாக், 1992இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் இடுப்பு மூட்டு அறுவைக்குப் பயன்பட்டது. தொடங்கிவிட்டால் அது தானாகவே குடைந்து செல்லும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் டேவிஸ் குழு உருவாக்கிய ஆக்ரோபாட் வேறு கருத்தில் எழுந்தது: கருவியை மருத்துவர் நகர்த்துவார், எல்லையை மட்டும் இயந்திரம் காக்கும். ஜஸ்டின் காப் தலைமையில் நடந்த ஒப்பீட்டுச் சோதனை 2006இல் வெளியானது. ரோபோ துணையுடன் பகுதி மாற்று செய்த 13 முழங்கால்களிலும் காலின் நேர்கோடு திட்டத்திலிருந்து 2 பாகைக்குள் இருந்தது. வழக்கமான முறையில் செய்தவற்றுள் 40 விழுக்காடே அந்த அளவை எட்டின. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2004இல் தொடங்கிய மேக்கோ நிறுவனமும் 2006இல் பகுதி மாற்றிலிருந்தே தன் பணியைத் தொடங்கியது; முழு மாற்றுக்கு அது பல ஆண்டுகள் கழித்தே வந்தது. பிழைக்கு அதிக விலை கொடுக்கும் அறுவையில்தான் துல்லியத்துக்கு மதிப்பு அதிகம். 2013இல் ஸ்ட்ரைக்கர் நிறுவனம் ஏறத்தாழ 165 கோடி டாலருக்கு மேக்கோவை வாங்கியது.

மேக்கோ முறையில் முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து முப்பரிமாண மாதிரி உருவாக்குவார்கள். அறுவை அரங்கில் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் ஊசிகள் பதித்து அடையாளக் குறிகளை நிறுத்துவார்கள். எலும்பின் பரப்பைத் தொட்டுக் காட்டியதும் கணினி மாதிரியையும் உண்மை முழங்காலையும் பொருத்திக்கொள்ளும். பிறகு மருத்துவர் காலை மடக்கி நீட்டி, ஒவ்வொரு நிலையிலும் தசைநார் எவ்வளவு இறுகுகிறது என்று பார்த்து, செதுக்கும் முன்பே திட்டத்தைத் திருத்துவார். பிட்ஸ்பர்க்கில் உருவான நேவியோ கருவிக்கு ஸ்கேன் தேவையில்லை. கைப்பிடிக் கருவியின் முனை எல்லையை நெருங்கும்போது தானே உள்வாங்கிக்கொள்ளும்.

சோதனைகள் சொல்வது

கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் 139 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனை இத்துறையில் முக்கியமானது. ரோபோ பொருத்திய மூட்டுகள் திட்டமிட்ட இடத்துக்கு நெருக்கமாக அமைந்தன. முதல் சில வாரங்களில் வலியும் குறைவாக இருந்தது. ஆனால் 5 ஆண்டு முடிவில் நடமாட்ட மதிப்பெண்களில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நோயாளி உணராத துல்லியத்துக்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும் என்பது இதிலிருந்து எழும் நியாயமான மறுப்பு. அதற்கு ஒரு விடை உண்டு: பகுதி மாற்றின் மீது எழுந்த குற்றச்சாட்டு நடமாட்டத்தைப் பற்றியது அன்று, மறு அறுவையைப் பற்றியது. அதே சோதனையில் மறு தலையீடு தேவைப்பட்டவர்கள் வழக்கமான முறைப் பிரிவில் மட்டுமே இருந்தனர். இந்த விடையையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். இரு பிரிவிலும் பொருத்திய மூட்டு ஒரே வகையன்று, ஒன்றில் நகரும் பிளாஸ்டிக், மற்றதில் நிலையானது. கிடைத்த வேறுபாட்டில் ரோபோவின் பங்கையும் மூட்டின் பங்கையும் பிரித்தெடுக்க முடியாது.

பகுதி மாற்றே தேவைதானா என்று கேட்போருக்குப் பிரிட்டனின் டாப்கேட் சோதனை விடை தருகிறது. 528 நோயாளிகளைக் கொண்ட அச்சோதனையில் 5 ஆண்டுகளில் பகுதியும் முழுமையும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன. பகுதி மாற்றுக்குச் செலவு குறைவு. அதே நாட்டின் தேசிய மூட்டுப் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வோ, பகுதி மாற்றில் மறு அறுவை ஏறத்தாழ இருமடங்கு என்றது. இறப்பும் கடும் சிக்கல்களும் குறைவு என்றும் சொன்னது. தேர்ந்தவர்களிடம் நன்றாக நடக்கும் அறுவை, நாடு முழுவதும் செய்யப்படும்போது தடுமாறுகிறது. ஆண்டுக்கு ஓரிரு பகுதி மாற்று மட்டும் செய்பவர்களிடம் மறு அறுவை கூடுவதையும், தம் முழங்கால் அறுவைகளுள் ஐந்தில் ஒரு பங்காவது பகுதி மாற்றாக வைத்திருப்பவர்களிடம் அது குறைவதையும் பதிவேட்டு ஆய்வுகள் காட்டின.

மதிப்பீடு

அப்படியானால் குறைவாகச் செய்பவருக்கே ரோபோ அதிகம் உதவும் என்று தோன்றும். பாதிதான் உண்மை. அடிக்கடி செய்பவரின் திறமையில் செதுக்குவது ஒரு பகுதி. யாருக்குச் செய்வது, வலி தாங்கவில்லை என்று திரும்பி வருபவரிடம் எப்போது கத்தியை எடுக்காமல் இருப்பது என்பன மற்றப் பகுதி. தேய்மானம் உண்மையில் ஓர் அறையோடு நிற்கிறதா, சிலுவைத் தசைநார் முழுமையாக உள்ளதா என்பவற்றை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. அனுபவமற்றவருக்கு அது பொய்த் துணிவு தரும் என்ற அச்சமும் இதனாலேயே பொருளுடையது. செலவுப் பக்கத்தில் கருவியின் விலை, கூடுதல் அறுவை நேரம், ஸ்கேன் கதிர்வீச்சு, ஊசி பதித்த இடத்தில் அரிதாக நேரும் எலும்பு முறிவு ஆகியவை உள்ளன. மொத்தத்தில், பொருத்துதலில் நேரும் பிழையை ரோபோ குறைக்கிறது என்பதற்குச் சான்று வலுவாக உள்ளது; தேர்வில் நேரும் பிழையைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை, அந்த நோக்கத்தில் அது உருவாக்கப்படவும் இல்லை. தேர்ந்த மையங்களில் நடக்கும் சோதனைகளைவிட, பகுதி மாற்றை எப்போதாவது செய்யும் மருத்துவமனைகளில் ஒரே வகை மூட்டைக் கொண்டு, மறு அறுவையை அளவுகோலாக வைத்துப் பத்தாண்டுகள் நடத்தப்படும் சோதனையே இந்தக் கருவியின் விலை நியாயமா என்பதைச் சொல்லும்.