நகைச்சுவைப் படங்களும் நம் தாய்மொழியும்



தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையினையே முதற்கண் வைத்தார். பிறரை எள்ளுதலும், இளமையும், பேதைமையும், மடமையும் நகைப்பின் பிறப்பிடங்கள் என்றும் காட்டினார். இந்நான்கினையும் வெள்ளித்திரையில் கையாண்ட பழம் படங்களை இன்று நாம் ஏன் மீண்டும் காணல் வேண்டும் என்பதை இம்மலரில் சிறிது ஆராய்வோம்.

1929-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், அமெரிக்க மக்கள் வேலையிழந்து வாடிய நாளில், அங்கே ஒரு புதுவகை நகைச்சுவைப் படம் தோன்றிற்று. 'ஸ்க்ரூபால்' என்பது அதன் பெயர். எதிர்பாராத பக்கம் வளைந்து செல்லும் பேஸ்பால் பந்தினின்று எடுத்த பெயர் அது. செல்வர் வீட்டுப் பெண்ணும் எளிய ஆடவனும் சொல்லுக்குச் சொல் மோதிப் பின்னர் மணம் புரிவர். ஆள்மாறாட்டமும் பொய் வேடமும் இடையிடையே வரும். பிராங்க் காப்ரா இயக்கிய 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' (1934) ஐந்து முதன்மையான ஆஸ்கார் பரிசுகளையும் பெற்றது. ஏழையின் சிரிப்பிற்கு முன் செல்வத்தின் செருக்கு நில்லாது என்பதே இப்படங்களின் உட்பொருள்.

அந்த அலை நம் நாட்டையும் தொட்டது. காப்ராவின் 1936-ஆம் ஆண்டுப் படமொன்றைத் தழுவி, அறிஞர் அண்ணாவின் எழுத்தில், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்த 'நல்லதம்பி' 1949-இல் வெளிவந்தது. ஆயினும் நம் நகைச்சுவை இரவற் பொருளன்று. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தினின்று பிறந்த 'சபாபதி' 1941-லேயே வந்துவிட்டது. அதில் எசமானனுக்கும் வேலையாளுக்கும் ஒரே பெயர். அறிவிலும் இருவரும் ஒரு நிறையே. எசமானாக டி.ஆர்.இராமச்சந்திரனும் வேலையாளாகக் காளி என்.இரத்தினமும் நடித்தனர். சோடா உடைப்பதென்றால் புட்டியைத் திறப்பது என்னும் வழக்கறியாது, வேலையாள் புட்டியையே உடைத்துவிடுகிறான்!

1955-இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வோ வேறு வகை. ஆசிரியர் வேலை கிடைக்கவேண்டிக் கிறித்தவப் பெண்ணொருத்தியும் இந்து இளைஞனொருவனும் கணவன் மனைவியென நடிக்கின்றனர். வயிற்றுப் பசிக்காகப் பூண்ட பொய் வேடம் மெய்யன்பாக மாறுகிறது. வங்க நாடகமொன்றில் தோன்றிய இக்கதை, தமிழில் சாவித்திரி, ஜெமினி கணேசன் நடிப்பால் நிலைபெற்றது.

1964-இல் ஸ்ரீதர் அளித்த 'காதலிக்க நேரமில்லை' இளமையின் திருவிழா. நண்பனுக்காகச் செல்வத் தந்தையாக வேடமிடுகிறான் ஓர் இளைஞன். படம் பிடிக்கும் கனவில் தந்தையையே கதை சொல்லி நடுங்க வைக்கிறான் மற்றொருவன். நாகேஷ் கதை சொல்லும்போது, கேட்டிருக்கும் பாலையாவின் முகத்தை உற்று நோக்குக. சிரிப்பின் பாதி அங்கேதான் உள்ளது. அக்கதை 1979-இல் கன்னடத்திலும் 'ப்ரீதி மாடு தமாஷே நோடு' என வந்தது. மேலும் 'சபாஷ் மீனா' (1958), 'பலே பாண்டியா' (1962) ஆகிய தமிழ் நகைச்சுவைப் படங்களை நமக்களித்த பி.ஆர்.பந்துலு கோலார்ப் பக்கத்தவர். நகைப்பிற்கு எல்லைக் கோடு ஏது?

நம் ஹனூரைத் தன்னகத்தே கொண்டிருந்த கொள்ளேகால் வட்டம், 1956 நவம்பர் வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சபாபதியும் மிஸ்ஸியம்மாவும் வெளிவந்தபோது இம்மண்ணும் அம்மாநிலத்தினதே. எல்லை மாறியது; இல்லத்து மொழி மாறவில்லை. இன்று நம் மக்கள் கன்னடத்தில் கற்று உயர்கின்றனர். அது வரவேற்கத்தக்கதே. ஆனால் தமிழ் அவர்களுக்குச் சோறு கேட்கும் மொழியாக மட்டும் சுருங்கிவிடுமோ என்பதே நம் கவலை.

இரயில்வே அலுவலில் பன்மொழியும் கேட்டுப் பழகிய நாம் கண்டது ஒன்றுண்டு. ஒரு மொழியில் கட்டணம் கேட்கச் சில நாளிற் கற்கலாம். அம்மொழியில் சிரிக்கக் கற்பதற்கோ ஆண்டுகள் வேண்டும். சோடாப் புட்டி உடைந்ததும் தானே சிரிக்கும் குழந்தைக்குத் தமிழ் கைவந்துவிட்டது என்க. சிரியாத குழந்தைக்கு அந்த ஒரு சொல்லை நாம் விளக்குதல் வேண்டும். இலக்கணப் பாடம் அங்கே தொடங்கட்டும்.

பழைய படங்களிற் குறையே இல்லையென்று கூறோம். பெண்களை அடக்குவதும், உடற்குறையைப் பழிப்பதும் இன்று நகைக்கத்தக்கன அல்ல. அவ்விடங்களில் அது தவறென்று பிள்ளைகளிடம் எடுத்துரைப்போம். காட்சி மெல்ல நகர்கிறதென்று அவசரப்படாது, சொல் பிறக்கும் இடத்தைக் காதாற் பற்றுவோம்.

அன்று கொட்டகையில் ஊரே ஒன்றாகச் சிரித்தது. இன்று கைப்பேசியில் ஒவ்வொருவரும் தனித்துப் பார்க்கின்றனர். திங்களுக்கு ஒரு மாலை, காலனிக் குடும்பங்கள் கூடி ஒரு படம் காண்போமாக. கன்னட அண்டை வீட்டாரையும் அழைப்போமாக. பாட்டன் சிரிக்கும் அதே நொடியில் பேரனும் சிரிப்பானாயின், நம் மொழி இம்மண்ணில் இன்னும் ஒரு தலைமுறை வாழும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!